செல்வத்தின் வலது கால்

1

"கூரையிலிருந்து விழுந்து கிடந்த என் தம்பியைத் தூக்கப் போன காதரை, வலி பொறுக்காமல் அவன் வலது காலால் எட்டி உதைத்தான். அந்த உதையை வாங்கிக்கொண்டுதான் காதர் அவன் உயிரைக் காப்பாற்றினான்."

இதே இதழில், 2006 ஜனவரியில், நான் எழுதிய கட்டுரையில் வந்த வரிகள் இவை. முதல் வரி தவறு, அதைத் திருத்திவிடு என்று என் தம்பி செல்வம் இப்போது சொல்கிறான். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று காதர் சொல்கிறான். இருவரும் விருத்தாசலத்தில் இருக்கிறார்கள். எழுதியவன் நான் மெல்பர்னில் இருக்கிறேன்.

அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செல்வம் என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனும் அவன் பள்ளித் தோழன் காதரும் கூட்டாக, செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து, மின்சாரப் பெட்டிகளுக்கான பீங்கான் பியூஸ் செய்துவந்தார்கள். 2004 அக்டோபர் 21, நல்ல மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு இடத்தில் ஒழுகியது. அதற்கு நேர் கீழே, நீளப் பலகைகளில், சூளைக்குப் போகாத பச்சைச் சாமான் காய்ந்துகொண்டிருந்தது. பச்சைச் சாமானில் தண்ணீர் பட்டால் அது மறுபடி மண்தான். செல்வம் மேலே ஏறினான். கால் வைத்த ஷீட் உடைந்தது. சிமெண்டுத் தரையில் முதுகு பட விழுந்தான்.

காதர் பைக்கை எடுத்தான். செல்வத்தை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு தொழிலாளி கட்டிப் பிடித்துக்கொள்ள, அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து கடலூர், அங்கிருந்து புதுச்சேரி. உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை.

நான் 1998இல் இங்கே வந்தவன். அன்று நான் ஊரில் இல்லை. எழுதியதெல்லாம் கேட்டு எழுதியது.

2

நான் வேலை செய்வது டைல்ஸ் கிடங்கில். பீங்கான் ஊரிலிருந்து விமானம் ஏறி வந்தவன் இங்கேயும் பீங்கானைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். குளிர்காலத்தில் இருட்டில் ரயில் ஏறி, மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, இருட்டில் திரும்பி வருகிறேன். எந்த நாட்டு டைல்ஸானாலும் உடைந்தால் ஒரே சத்தம்தான்.

இந்த நாட்டில் பணியிடத்தில் முதலுதவி தெரிந்த ஆள் இருந்தாக வேண்டும். எங்கள் கிடங்கில் அப்படி இருந்தவர் வேலையை விட்டுப் போனதால், 2009 மார்ச்சில் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நடத்தியவர் ஆம்புலன்ஸில் பல வருடம் ஓடி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. இடுப்பு வரை மட்டும் உள்ள ரப்பர் பொம்மைகளைக் கார் டிக்கியிலிருந்து, குழந்தைகளை இறக்குவது போல, இறக்கினார்.

எடுத்ததும் ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் உயரத்திலிருந்து விழுந்துவிட்டார். மூச்சு இருக்கிறது, பேசுகிறார். முதலில் என்ன செய்வீர்கள்?

நான்தான் முதலில் கை தூக்கினேன். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன்."

"எதில்?"

"கிடைக்கிற வண்டியில்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இங்கே நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். ஆஸ்பத்திரி உங்களிடம் வரும். வரும்வரை தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள்" என்றார்.

பிறகு செய்து காட்டினார். தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரண்டு காதுகளையும் ஒட்டி உள்ளங்கைகளை வைக்க வேண்டும். கிடங்கில் வண்டி ஓட்டும் ஒரு பையனின் தலையை நான் அப்படிப் பிடித்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நானும் ஒருமுறை கூரையைப் பார்த்தேன்.

அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். முதுகெலும்பு உடைவது ஒரு நொடி. உள்ளே போகும் நரம்பு அந்த நொடியிலேயே நசுங்கியிருக்கலாம். நசுங்காமல் தப்பியும் இருக்கலாம். தப்பியிருந்தால், ஆளை உட்காரவைத்து மடக்கும்போது போய்விடலாம். அதனால்தான் கழுத்துக்குப் பட்டை, உடம்புக்கு நீளப் பலகை, இருந்தபடியே நகர்த்த நான்கு பேர். "விழுந்த பிறகு அவர் காலை அசைத்தாரா என்பதைக் கவனித்து, வருகிறவர்களிடம் சொல்லுங்கள். அது மிக முக்கியம்."

எனக்கு 2006 ஜனவரி இதழ் ஞாபகம் வந்தது. விழுந்த பிறகுதான் வலது காலால் எட்டி உதைத்தான் என்று எழுதியிருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்க் கேட்டேன். பைக்கில் நடுவில் உட்காரவைத்து என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்க எனக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. கடைசியில் நாற்காலிகளைப் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அழைப்பதற்கு வேறு வண்டி இருந்ததா?" என்றார்.

"இல்லை."

"அப்படியானால் அவர்கள் தவறு செய்யவில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு மேலும் சொன்னார்: "உதைத்தது என்று ஒருவர் நினைப்பது, தூக்கும்போது தானாகத் துவண்டு விழுந்த காலாகவும் இருக்கலாம். நரம்பு நசுங்கியது விழுந்த நொடியிலா, வழியிலா, வீக்கம் ஏறிய பிறகா என்பதை அங்கே இல்லாதவர்களால் சொல்ல முடியாது. இருந்தவர்களாலும் சொல்ல முடியாமல் போகலாம்."

அன்று சாப்பிடும்போது என் மகளிடம் இதைச் சொன்னேன். பதினோரு வயது. செல்வம் அவளுக்குத் தொலைபேசியில் வரும் ஒரு குரல். 'நல்லா இருக்கீங்களா' என்பதோடு அவளுடைய தமிழ் தீர்ந்துவிடும். கேட்டுவிட்டு, "சித்தப்பா மேலேயிருந்து விழுந்துச்சா?" என்றாள்.

"விழுந்தாங்களான்னு கேக்கணும்மா. விழுந்துச்சுன்னு சாமானைத்தான் சொல்லுவாங்க."

"ஓகேப்பா." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சாமான் என்று நான் சொன்ன சொல் மட்டும் மேசையில் கிடந்தது.

3

ஊரில் அப்போது என்ன வழக்கம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இன்னும் சில வருடங்களில் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அடிபட்டவனைக் கொண்டுபோகும் முறை அதுதான். பைக்கில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் அவன். தலை சாய்ந்தால் முன்னால் ஓட்டுகிறவரின் முதுகில் சாயும். கம்மாபுரம் பக்கம் சுரங்க லாரி இடித்தாலும், திட்டக்குடி சாலையில் டிராக்டர் கவிழ்ந்தாலும் அப்படித்தான் வந்தார்கள். யாராவது ஓடிவந்து வாயில் சோடா ஊற்றுவார்கள். ஆம்புலன்ஸ் என்றால் எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி. உயிரோடு இருக்கிறவனுக்கு அதைக் கூப்பிடுவது அபசகுனம்.

108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல். செல்வம் விழுந்து நான்கு வருடம் கழித்து.

2005 அக்டோபர் 21 அன்று நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். காதர் தன் வீட்டில் செய்த பிரியாணியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தான். "மாப்ள பொழச்ச நாளு அண்ணே. வருசா வருசம் உண்டு" என்றான். சாப்பிட்டு முடித்ததும் கதையை ஆரம்பித்தான். எழுந்து நின்று, நடித்தே காட்டினான்.

"ஓடிப் போயி அக்குள்ள கைய வுட்டுத் தூக்குறன். இந்த நாயி என்னா பண்ணான் தெரியுமா அண்ணே? செருப்புக் காலால வுட்டான் பாருங்க ஒரு ஒதை, முட்டியில! 'வுடுடா, வுடுடா'ன்னு கத்துறான். வுட்டுருவனா? ஒதைச்சா ஒதைச்சிக்கடா மாப்ளன்னு தூக்கிப் பைக்குல போட்டேன்."

சக்கர நாற்காலியில் இருந்த செல்வம் சிரித்தான். "பத்தாங் கிளாஸ்லேர்ந்து ஒன்னைய ஒதைக்கணும்னு இருந்தன்டா. கெடச்ச வாய்ப்ப வுடுவனா?"

அதைத்தான் மெல்பர்ன் திரும்பியதும் எழுதினேன். இதழ் வந்ததும் காதர் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, சட்டம் போட்டு, கடைச் சுவரில் மாட்டினான். விபத்துக்குப் பிறகு ஷெட்டை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் பீங்கான் பொம்மைக் கடை வைத்திருக்கிறான். கண் எழுதாத பொம்மைகளைச் செல்வத்தின் வீட்டில் இறக்குவான். செல்வம் மடியில் பலகை வைத்துக்கொண்டு கண்ணும் புருவமும் எழுதிக் கொடுப்பான். அப்படித்தான் இருவரும் பிழைக்கிறார்கள்.

4

2007இல் செல்வத்தை இங்கே கூட்டிவந்து ஒரு டாக்டரிடம் காட்ட முயன்றேன். மருத்துவப் படிவத்தில் ஒரு கேள்வி: காயத்தின் காரணம் வீழ்ச்சியா, வாகனமா, வேறா? ஒன்றில் மட்டும் குறியிடவும். யோசிக்காமல் வீழ்ச்சி என்று குறியிட்டேன். வந்த கடிதத்தில் இரண்டு பத்தி. விசா இல்லை என்பது இரண்டாவது பத்தியில் இருந்தது.

அந்தப் படிவத்தை இப்போது நிரப்பச் சொன்னால் என் பேனா வீழ்ச்சிக்கும் வாகனத்துக்கும் நடுவில் கொஞ்சம் நிற்கும்.

5

மார்ச்சில் கற்றதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். அக்டோபர் 21 அன்று வழக்கம்போல் செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"பிரியாணி எப்படிடா?"

"வரல."

"பிரியாணியா?"

"பிரியாணியும் வரல, ஆளும் வரல. ரெண்டு மாசமா பொம்மையெல்லாம் கடைப் பையன்கிட்ட குடுத்து அனுப்புறான்."

கேட்கக் கேட்கச் சொன்னான். ஆகஸ்டில் ஒருநாள் செல்வம் மூன்று சக்கர வண்டியில் காதரின் கடை வாசலில் இருந்தபோது, எதிரே சாலையில் ஒரு பைக்கை வேன் இடித்துவிட்டது. காதர் முதல் ஆளாக ஓடினான். அவன் பழக்கம் அது. அடிபட்டவனின் அக்குளில் கை கொடுத்தபோது, பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த 108 வந்துவிட்டது. அதிலிருந்து குதித்த இளைஞன் கத்தினான்.

"என்னா கத்துனான்?"

"'யாரும் தூக்காதீங்க! தூக்கித் தூக்கித்தான் பாதிப் பேர மொடக்கிப் போடுறீங்க!'ன்னான். தப்பா சொல்லல அண்ணே, அவன் வேலை அது. அப்பறம் கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையைச் சொருகி, அலுங்காம எடுத்துக்கிட்டுப் போனாங்க. பாக்கவே நல்லா இருந்துச்சி."

"காதரு?"

"அங்கியே நின்னுக்கிட்டு இருந்தான். திரும்பி என்னைய பாத்தான். என் மூஞ்சியப் பாக்கல அண்ணே. காலப் பாத்தான்."

பிறகு செல்வம், "நீ எழுதுனியே, நான் அவன ஒதைச்சேன்னு. அது தப்பு. அத மாத்தி எழுதிப் போடு" என்றான்.

"அவன் சொன்னப்ப நீ சிரிச்சியேடா."

"அவன் சொல்ற அழகுக்குச் சிரிச்சேன். வுழுந்ததுலேர்ந்தே இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியல. நீ மாத்திடு. அவன் படிக்கணும்."

6

நவம்பரில் போனேன். சிட்னி வழியாகச் சென்னை, அங்கிருந்து பஸ். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் காதரின் கடைக்குத்தான் போனேன். சுவரில் சட்டம் இல்லை. ஆணி இருந்தது, ஆணிக்குக் கீழே சட்டம் இருந்த அளவுக்குச் சுவர் வெளுப்பாக இருந்தது.

"வாங்க அண்ணே. எப்ப வந்தீங்க? அண்ணி, பாப்பால்லாம் நல்லா இருக்காங்களா?" டீ சொன்னான். பாதி குடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினான். பிறகு கிளாஸை வைத்துவிட்டு நேராகக் கேட்டான்.

"நான் தூக்காம இருந்திருந்தா அவன் நடப்பானா அண்ணே?"

பயிற்சியில் கேட்டதை அப்படியே சொன்னேன். யாராலும் சொல்ல முடியாது. அன்று கூப்பிட வண்டி இல்லை. தூக்காமல் விட்டிருந்தால் அந்தத் தரையிலேயே கிடந்திருப்பான்.

"அதெல்லாம் தெரியும் அண்ணே. வண்டி இல்ல, செரி. பலகை இருந்துச்சே."

எனக்கு உடனே புரியவில்லை.

"காய வைக்கிற பலகை அண்ணே. ஆள் நீளம். பச்சைச் சாமான அடுக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி, சூளை வரைக்கும் தூக்கிட்டுப் போவோம். லேசா ஆடுனா போதும், மயிரு மாதிரி வெடிச்சிரும். கண்ணுக்குத் தெரியாது, சூளைக்குப் போனாத்தான் ரெண்டாப் பொளக்கும். பதினஞ்சி வருசம் தூக்கியிருக்கோம், அவனும் நானும். ஒண்ணு கூட வெடிச்சதில்ல. அப்பேர்ப்பட்ட கையி அண்ணே இது."

கைகளைக் கல்லாமேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கும் பலகை பக்கத்துலதான் இருந்துச்சி. மேல பியூஸு காஞ்சிக்கிட்டு இருந்துச்சி. அதத் தட்டி வுட்டுட்டு இவனப் படுக்க வைக்கணும்னு தோணல. பியூஸ அலுங்காம வச்சிட்டு இவனப் பைக்குல உக்கார வச்சேன். ரோடு எப்படி இருந்துச்சின்னு ஒங்களுக்கே தெரியும்."

நான் டீயைக் குடிக்கவில்லை. பலகையும் தெரிந்திருந்தது, அலுங்காமல் தூக்கவும் தெரிந்திருந்தது. மனிதனையும் அப்படித் தூக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒரு வண்டி வந்தது. நல்ல வண்டி, எத்தனையோ பேரைப் பிழைக்கவைக்கிறது. காதரின் முன் வந்து நின்ற அன்றே, ஐந்து வருடத்துக்கு முன்னால் செய்த உதவியையும் அது திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது.

"வா, வூட்டுக்குப் போலாம்" என்றேன். வர மாட்டேன் என்றான். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

செல்வம் மடியில் பலகையோடு இருந்தான். சுற்றிலும் கண் எழுதாத பொம்மைகள்.

"வாடா. வழி தெரிஞ்சுதா? பையன்கிட்ட சீட்டெழுதிக் குடுத்தாத்தான் வருவியோன்னு நெனச்சேன்."

காதர் உட்காரவில்லை. "நீ என்னைய ஒதைச்சியா இல்லியா?"

"இல்ல."

"அஞ்சி வருசமா சிரிச்சியே."

"நீ ஆடுற ஆட்டத்துக்குச் சிரிச்சேன். சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு."

"முட்டியில பட்டுதுடா."

"ஒடஞ்ச ஷீட்டு குத்தியிருக்கும்."

"ஷீட்டு செருப்பு போட்டுக்கிட்டு வருமா?"

செல்வம் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். காதர் சிரிக்கவில்லை. சிரிப்பு முடியும்வரை காத்திருந்தான்.

"மாப்ள, எனக்காகச் சொல்லாத."

"ஒனக்காக எதுக்குடா சொல்லணும்? என் காலு. எனக்குத் தெரியாதா?" செல்வம் தூரிகையைத் தண்ணீரில் அலசினான். "வுழுந்தேன், அதோட போச்சி. நீ தூக்குனதாலதான் ஒக்காந்து கண்ணு எழுதிக்கிட்டு இருக்கேன். இல்லன்னா படத்துக்கு மாலை போட்டிருப்பாங்க."

"அண்ணே, எழுதுனத மாத்தாதீங்க" என்றான் காதர் என்னைப் பார்த்து. "ஒதைச்சான். நான் வாங்குனேன். அது அப்படியே இருக்கட்டும்."

"மாத்து அண்ணே" என்றான் செல்வம்.

தெருவில் எங்கோ தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. காதர் வாசல் பக்கம் திரும்பினான், செல்வம் அடுத்த பொம்மையை எடுத்தான்.

7

காதர் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறான் என்று செல்வம் சொல்கிறான். பொம்மைகளை அவனே இறக்குகிறான், டீ குடிக்கிறான், போகிறான். கதை மட்டும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் செல்வம்தான் சொல்கிறானாம், உதை இல்லாமல். "எனக்கு அவன் மாதிரி சொல்ல வரல அண்ணே. கேக்குறவன் பாதியிலயே கொட்டாவி வுடுறான்."

இதை அனுப்புமுன் இருவருக்கும் போனில் படித்துக் காட்டினேன். பலகையைப் பற்றிய இடம் வரும்போது விட்டுவிடவா என்று காதரைக் கேட்டேன். "அது இல்லாம எதுக்கு அண்ணே எழுதுறீங்க?" என்றான். செல்வத்துக்குப் பலகை விஷயம் அதுவரை தெரியாது. கேட்டுவிட்டு, "நானா இருந்தாலும் பியூஸத் தட்டி வுட்டிருக்க மாட்டேன். அவ்வளவும் ஆர்டரு" என்றான். அதையும் சேர்த்து எழுது என்றான்.

"நெசம் எதுன்னு போட்டிருக்கியா?"

"தெரியாதுடா."

"அப்ப தெரியாதுன்னே போடு."

இந்த டிசம்பரில், 2006 ஜனவரி இதழின் வரிக்கு நான் தரக்கூடிய திருத்தம் இவ்வளவுதான். 2004 அக்டோபர் 21 அன்று, ஷெட்டின் தரையில், தூக்கப்படுவதற்கு முன், செல்வத்தின் வலது கால் அசைந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை. அவனைத் தவிர அப்போது அருகில் இருந்தவர்கள் இரண்டு பேர். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த தொழிலாளி ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மிச்சமிருப்பது காதரும் செல்வமும். முட்டிக்குச் சொந்தக்காரன் அசைந்தது என்கிறான். காலுக்குச் சொந்தக்காரன் இல்லை என்கிறான்.